ஜார்ஜ் டவுனில் 36 படம்... பாத்ரூமில் ஏழரை நிமிடம்!

"எங்கம்மா படம்? காட்டு, பார்க்கலாம்!"

பூக்கடைப் பக்கம் மீன்பாடி வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் கை நீட்டினார். நான் கேமராவைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினேன். திரை இல்லை. வெறும் கறுப்பு மூடி.

"இது ரோல் கேமரா அண்ணா. கழுவினாத்தான் படம் தெரியும். ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? அதுக்குள்ள என் மூஞ்சே மாறிடும்மா!"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பிரின்ட் போட்டுக் கொண்டாந்து தர்றேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அந்த வாக்குதான் என்னை மூன்று வாரம் தூங்கவிடாமல் செய்யப்போகிறது என்று அப்போது தெரியாது.

எனக்கு வேலை ஆன்லைன் பிரிவில். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான படங்கள் என் கம்ப்யூட்டர் வழியாகப் போகின்றன. தேர்வு செய், வெட்டு, தலைப்பு வை, ஏற்று. மாலையில் கேட்டால் காலையில் ஏற்றிய படம் ஒன்றுகூட நினைவில் இருக்காது. அப்படிப்பட்ட நான் கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோலைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கக் காரணம், பாட்டி.

ஆல்பத்தைத் தின்ற வெள்ளம்

பாட்டிக்கு 1969-ல் கல்யாணம். தாத்தா கொத்தவால் சாவடியில் ஒரு காய்கறி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சந்தைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில், மாடியில் ஒற்றை அறை. பன்னிரண்டு குடித்தனம், வாசலில் ஒரே அடிபம்ப். அப்பா பிறந்தது அங்கேதான். 1996-ல் சந்தை கோயம்பேட்டுக்குப் போனது. தாத்தாவும் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு கொளத்தூர் வந்துவிட்டார்.

அந்த வீட்டின் வாசலில் எடுத்த சில படங்கள் எங்கள் ஆல்பத்தில் இருந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தபோது, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பம் ஊறி, படங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தால் முகம் உரிந்து வந்தது. நெகட்டிவ் இருந்தால் மறுபடி பிரின்ட் போட்டிருக்கலாம். அது எந்த ஸ்டூடியோவில் விட்டுப்போனதோ!

சமீபத்தில் ஒருநாள் பாட்டி கேட்டார், "நீதான் பத்திரிகைல இருக்கியே... எங்க பழைய வூட்டை ஒரு போட்டோ எடுத்தாந்து காட்டேன்டி."

போனில் எடுத்துக் காட்டியிருக்கலாம். ஆனால் கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பாட்டிக்கு போன் திரையின் வெளிச்சம் கூசுகிறது. காகிதத்தில் இருந்தால்தான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பார். "காகிதம்னா முறையா எடு" என்று தன் பழைய பென்டாக்ஸ் கே1000 கேமராவைக் கொடுத்தார் பெரியப்பா. ஒரு காலத்தில் கல்யாண வீடுகளில் படம் எடுத்தவர். ஃபோகஸ், ஷட்டர் வேகம், லென்ஸ் திறப்பு எல்லாமே கையால் வைக்க வேண்டிய கேமரா. பேட்டரி வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். அது தீர்ந்தாலும் கேமரா வேலை செய்யும்.

பெரியப்பா தொழில் கற்றுக்கொண்டது ‘இந்து’ ஃபிலிமில். நம்ம ஊட்டியில் தயாரானது. 1960-ல் தொடங்கப்பட்டு, 1967-ல் உற்பத்தியில் இறங்கிய மத்திய அரசு நிறுவனம், ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ். ஸ்டூடியோ ஃபிலிம் முதல் ஆஸ்பத்திரி எக்ஸ்-ரே ஃபிலிம் வரை அங்கிருந்து போனது. கலர் வந்தது, பிறகு டிஜிட்டல் வந்தது. இன்று அந்தத் தொழிற்சாலை இயங்கவில்லை. நான் வாங்கியது இங்கிலாந்தில் தயாராகும் இல்ஃபோர்ட் எச்பி5 ப்ளஸ். ஒரு ரோல் ஆயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே. 36-ஆல் வகுத்துப் பாருங்கள், ஒவ்வொரு கிளிக்கும் ஏறக்குறைய 28 ரூபாய்!

கலர் இல்லாத பூக்கடை

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கினேன். மேலே ஏறி வந்ததும் எதிரில் சிவப்பு கோபுரங்களோடு 1892-ல் கட்டி முடிக்கப்பட்ட நீதிமன்றம். ரோட்டைக் கடந்தால் என்.எஸ்.சி. போஸ் சாலை. அதற்குப் பின்னால் விரிவதுதான் ஜார்ஜ் டவுன். வெள்ளைக்காரர்கள் கோட்டைக்குள் இருந்துகொண்டு, கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் வாழ்ந்த பகுதிக்கு முதலில் வைத்த பெயர் ‘பிளாக் டவுன்’. ஐந்தாம் ஜார்ஜின் பெயர் பிற்பாடு வந்தது. கறுப்பு வெள்ளை ரோலுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்குமா!

இங்கே தெருவுக்கு ஒரு தொழில். ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டுகளும் கல்யாணப் பத்திரிகைகளும். கோடவுன் தெருவில் துணி பேல்கள். ராசப்பச் செட்டித் தெருவில் பூஜைச் சாமான்கள், நடுவில் கந்தகோட்டம் முருகன். மின்ட் தெருவில் இனிப்புக்கடை வாசனை. ஆர்மேனியன் தெருவில் 1772-ல் கட்டிய ஆர்மேனியன் தேவாலயம். உள்ளே போனால், இரண்டடி தள்ளி இருக்கும் ஹாரன் சத்தம்கூட மங்கிவிடுகிறது. மணிக்கூண்டு தனியாக நிற்கிறது. தரையெல்லாம் கல்லறைக் கற்கள். முதல் இரண்டு படங்களை அங்கே எடுத்தேன்.

பத்ரியன் தெருப் பூக்கடைகளுக்கு வந்தபோது ஒரு சிக்கல். கண்ணைப் பறிக்கும் மஞ்சள் சாமந்தி, சிவப்பு ரோஜா, ஆரஞ்சு கனகாம்பரம். போனை எடுத்தால் எங்கு திருப்பினாலும் படம்தான். ஆனால் என் கேமராவுக்குள் கலர் கிடையாது. சாமந்தி வெளிர் சாம்பலாகும், ரோஜா அடர் சாம்பலாகும், அவ்வளவுதான். அப்புறம் எதை எடுப்பது?

பத்து நிமிடம் நின்றேன். கலரை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்ததும், அதுவரை கண்ணில் படாதவை தெரிந்தன. நார் கிழிக்கும் விரல்கள். தராசுத் தட்டில் சரியும் மல்லிகை. தலையில் கூடையோடு வெளிச்சத்துக்குள் வந்து, இரண்டு எட்டில் நிழலுக்குள் மறைந்துவிடும் மனிதர்கள். இந்தத் தெருக்கள் குறுகலானவை. கட்டடங்களின் இடைவெளியில் விழும் வெயில் ஒரு பட்டை மாதிரி ரோட்டில் கிடக்கிறது. வெயிலில் ஷட்டர் 500, லென்ஸ் 16. அதே தெருவில் நிழலுக்குள் போனால் லென்ஸை 4 வரை திறக்க வேண்டியிருக்கிறது. 28 ரூபாய் நினைவு வேறு. ஒவ்வொரு படத்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் அமுக்கினேன்.

முகம் தெரிய எடுப்பதென்றால் கேட்டுவிட்டே எடுத்தேன். வேண்டாம் என்றவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். சரி என்றவர்களில் ஒருவர்தான் அந்த மீன்பாடி வண்டி அண்ணன்.

பாட்டி சொன்ன அடையாளத்தை வைத்துச் சந்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிள்ளையார் கோயில் தாண்டி மூன்றாவது வீடு. இருந்தது! திண்ணையில் வழுவழுவென்று கறுப்புக் கல். அடிபம்ப் இருந்த இடத்தில் சிமென்ட் மேடை. பன்னிரண்டு குடித்தனத்தில் மூன்றுதான் பாக்கி. ஓர் அக்கா மாடிக்கு அழைத்துப்போனார். "எங்களையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. இடிச்சுக் கட்டப்போறாங்களாம்" என்றார். திண்ணை, படிக்கட்டு, அறை, ஜன்னல் என்று பதினோரு படங்கள் எடுத்தேன்.

ரோல் 36-ல் நிற்க வேண்டும். லீவர் அதற்கு மேலும் இழுபட்டது. ‘ஆஹா, போனஸ்!’ என்று சந்தோஷப்பட்டு இன்னும் மூன்று எடுத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம் அது என்பதைச் சொல்கிறேன்.

"நம்பரே சரியில்லையே!"

ரோலைக் கழுவ வெளியே கொடுக்கலாம். ஆனால் "நீயே கழுவு, அப்பத்தான் ருசி தெரியும்" என்றார் பெரியப்பா. ஆன்லைனில் டேங்க், டி-76 டெவலப்பர் பவுடர், ஃபிக்ஸர், தெர்மாமீட்டர், அளவு ஜாடி வாங்கினேன். ஃபிக்ஸரை இன்னமும் ‘ஹைப்போ’ என்றுதான் சொல்கிறார் பெரியப்பா.

சினிமாவில் காட்டும் சிவப்பு பல்பை நம்பி ஏமாற வேண்டாம். அது பேப்பரில் பிரின்ட் போடும்போதுதான். இந்த ஃபிலிமுக்குச் சிவப்பு வெளிச்சமும் ஆகாது. முழு இருட்டு வேண்டும். இரவு பதினொரு மணிக்கு பாத்ரூம் கதவிடுக்கில் துண்டைச் செருகி, வென்டிலேட்டரை அட்டையால் மூடி, விளக்கை அணைத்தேன். ஃபிலிமை டப்பாவிலிருந்து எடுத்து, விரலால் தடவித் தடவி ஒரு பிளாஸ்டிக் சுருளில் ஏற்றி, டேங்குக்குள் வைத்து மூட வேண்டும். மூடிவிட்டால் விளக்கைப் போடலாம். வேர்வை வழிய இருபது நிமிடம் ஆனது. வெளியிலிருந்து அம்மா இரண்டு தடவை, "உள்ள உசுரோட இருக்கியா?" என்று கேட்டுவிட்டார்.

அடுத்த பிரச்னை, நம்ம ஊர் வெயில். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். ஏப்ரல் மாதக் குழாய்த் தண்ணீரைத் தெர்மாமீட்டரில் பார்த்தேன், 31 டிகிரி! சூடு கூடினால் ரசாயனம் வேகமாக வேலை செய்யும், படம் தீய்ந்துபோகும். பக்கெட்டில் தண்ணீர் ஊற்றி, ஃப்ரீசரிலிருந்த ஐஸ் கட்டிகளைப் போட்டு, அதற்குள் டெவலப்பர் பாட்டிலை நிற்க வைத்தேன். கால் மணி நேரத்தில் 20-க்கு வந்தது. டெவலப்பரையே குழாய்த் தண்ணீரில் கலக்காமல் கேன் தண்ணீரில் கலந்திருந்தேன்.

எச்பி5 ஃபிலிமுக்கு டி-76-ஐத் தண்ணீர் சேர்க்காமல் ஊற்றினால் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். அம்மாவிடம் சொன்னேன்.

"ஏழரையா? நம்பரே சரியில்லையே!"

ஊற்றியதும் டேங்கைக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், பத்து வினாடியில் நான்கு தடவை. பிறகு ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் அதேபோல. காற்றுக் குமிழ் ஒட்டாமலிருக்க டேங்கைத் தரையில் லேசாகத் தட்ட வேண்டும். ஏழரை நிமிடம் முடிந்ததும் டெவலப்பரைக் கொட்டி, தண்ணீர் ஊற்றி அலசி, ஃபிக்ஸர். ஐந்து நிமிடம். அவ்வளவுதான், டேங்கைத் திறக்கலாம்.

திறந்தேன். முனையில் ஒரு சாண் கன்னங்கரேல். மீதி ஐந்தடி ஃபிலிமும் கண்ணாடி. ஒரு படம்கூட இல்லை.

இரவு பன்னிரண்டரைக்குப் பெரியப்பாவை எழுப்பினேன்.

"ஓரத்துல கம்பெனி பேரும் நம்பரும் தெரியுதாம்மா?"

"தெரியுது பெரியப்பா."

"அப்ப உன் மருந்துல தப்பில்ல. அந்த எழுத்து ஃபேக்டரியிலயே பதிச்சு வர்றது. கழுவுறது சரியா இருந்தாத்தான் அது தெரியும். கேமராவுல ஃபிலிம் நகரவே இல்ல. லீவர் இழுக்கும்போது இடது பக்கத்துக் குமிழ் சுத்துச்சான்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. ஃபிலிமின் நுனி சுருளில் சரியாக மாட்டவில்லை. நான் 39 தடவை மூச்சைப் பிடித்து எடுத்த அத்தனையும், நகராத அந்த ஒரு சாண் ஃபிலிமின் மேலேயே விழுந்திருக்கிறது. ‘போனஸ்’ வந்தபோதே புரிந்திருக்க வேண்டும்.

பச்சைத் துணி

அடுத்த சனிக்கிழமையே போயிருக்கலாம். போகவில்லை. அலுவலகத்தில் ஒருவர் லீவு, எனக்கு இரட்டை ஷிஃப்ட். அதற்கடுத்த வாரம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ‘வீடு எங்கே ஓடிப்போகப்போகிறது’ என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவது சனிக்கிழமை பிள்ளையார் கோயிலைத் தாண்டித் திரும்பினால், மூன்றாவது வீட்டைப் பச்சைத் துணி போர்த்தி மூடியிருந்தது.

முன்பக்கம் முழுக்கப் போய்விட்டது. திண்ணை இருந்த இடத்தில் செங்கல் குவியல். அந்த அக்கா எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. மேஸ்திரியிடம் பாட்டி கதையைச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பத்து நிமிசம். படிக்கட்டுல கால வெச்சுடாத, ஆடுது" என்றார்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். கூரை இல்லை. மாடி அறையின் ஒரு சுவர் மட்டும் வானத்தில் தனியாக நின்றது. சுவரில் ஒரு விளக்கு மாடம், உள்ளே கரி படிந்து கறுப்பாக. இந்தத் தடவை லீவரை இழுக்கும்போதெல்லாம் இடது பக்கத்துக் குமிழைப் பார்த்தேன். சுற்றியது. எட்டுப் படங்கள் எடுத்தேன்.

திரும்பும்போது பூக்கடைப் பக்கம் அதே இடத்தில் அண்ணன்.

"இன்னாம்மா, படம் எங்க?"

உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிடம் என்னையே பார்த்துவிட்டு, வண்டிமேல் ஏறி உட்கார்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். "சரி, இன்னொண்ணு எடு. அன்னிக்கு ஷேவ் பண்ணல, இன்னிக்குப் பண்ணிக்கினேன்."

அன்று இரவு மறுபடி ஐஸ் கட்டி, மறுபடி ஏழரை. டேங்கைத் திறந்து ஃபிலிமை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன். குட்டிக் குட்டியாக 36 கட்டங்கள்! குளியலறைத் தரையில் நின்று நான் கத்திய கத்தலில் தூங்கிக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்துவிட்டார். நெகட்டிவ் என்பதால் எல்லாம் தலைகீழ். வெள்ளை வானம் கறுப்பாகவும், கரி பிடித்த மாடம் பளிச்சென்றும் இருந்தன. அப்பா அதைக் கையில் வாங்கி, ரொம்ப நேரம் பார்த்தார். "இந்தப் படியிலதான் விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டேன்" என்றார். அவர் அதை இதற்கு முன் சொன்னதே இல்லை.

கழுவ ஆசையா?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கேமரா இருந்தால், நான் பட்டதிலிருந்து சில விஷயங்கள்:

* முதல் ரோலில் முக்கியமான எதையும் எடுக்காதீர்கள். மொட்டைமாடி, தெருமுனை, பக்கத்து வீட்டு நாய் போதும்.
* ஃபிலிம் போட்டதும் லீவரை இழுத்து, ரீவைண்ட் குமிழ் சுற்றுகிறதா என்று பாருங்கள்.
* கெட்டுப்போன ஒரு ரோலை வைத்துக்கொண்டு, பகலில் கண்ணை மூடி சுருளில் ஏற்றிப் பழகுங்கள். இருட்டில் கை நடுங்காது.
* டெவலப்பரில் சிலருக்குத் தோல் அலர்ஜி தரும் மெட்டால் இருக்கிறது. கையுறை அவசியம். சமையல் பாத்திரங்களைத் தொடவே கூடாது. பாட்டிலில் பெரிதாக ‘விஷம்’ என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.
* அலசத் தண்ணீரை ஓடவிட வேண்டியதில்லை. டேங்கை நிரப்பி ஐந்து தடவை கவிழ்த்துக் கொட்டுங்கள். மறுபடி நிரப்பிப் பத்து, மறுபடி நிரப்பி இருபது. ஒரு லிட்டருக்குள் முடிந்துவிடும்.
* பயன்படுத்திய ஃபிக்ஸரில் ஃபிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கும். சாக்கடையில் ஊற்றாதீர்கள். கேனில் சேர்த்துவைத்து, வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடமோ லேபிலோ கேட்டுக் கொடுங்கள்.
* நெகட்டிவ்வை உறையில் போட்டு உயரமான தட்டில் வையுங்கள். கீழ்த்தட்டு வேண்டாம்!

ஜார்ஜ் டவுனுக்குப் போக நினைத்தால், ஆட்களைப் பார்க்க சனிக்கிழமை காலை. கட்டடங்களைப் பார்க்க ஞாயிறு. மொத்தக் கடைகள் பெரும்பாலும் பூட்டியிருக்கும், தெருவே அகலமாகத் தெரியும். உயர் நீதிமன்றம், மண்ணடி இரண்டு மெட்ரோ நிலையங்களில் எதில் இறங்கினாலும் நடக்கும் தூரம்தான்.

காகிதத்தில் வந்த வீடு

பிரின்ட் போடும் இருட்டறை என்னிடம் இல்லை. லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, சற்று மேலே நெகட்டிவ்வைப் பிடித்து, நண்பரின் டிஜிட்டல் கேமராவால் படமெடுத்து, கம்ப்யூட்டரில் கறுப்பை வெள்ளையாக்கி, ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டேன். பெரியப்பா இதைப் பாதிக் கள்ளாட்டம் என்கிறார். ஒப்புக்கொள்கிறேன்.

மீன்பாடி வண்டி அண்ணன் தன் படத்தைக் கையில் வாங்கியதும் ஒன்றும் சொல்லவில்லை. கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, மறுபடி வாங்கிப் பார்த்தார். "எங்க அப்பா மாதிரியே இருக்கேன்" என்றார். செய்தித்தாள் துண்டில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். டீக்கு என்னைக் காசு கொடுக்கவிடவில்லை.

பாட்டி ஜன்னலோரம் உட்கார்ந்து, படத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"இது எங்க வூடு இல்லடி. இது ஏதோ இடிஞ்ச சுவரு."

நான் எதுவும் பேசவில்லை. பாட்டியின் விரல் மெதுவாகப் படத்தின்மேல் நகர்ந்து, மாடத்தில் நின்றது.

"இந்தக் கரி... இது நான் ஏத்துன வெளக்குடி. இருவத்தேழு வருசம். எவ்ளோ தேச்சாலும் போவாது."

சிரித்தார். படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்.

"திண்ணை எங்கடி? சாயங்காலம் மண்டியிலேருந்து வந்து உங்க தாத்தா அங்கதான் உக்காருவாரு."

திண்ணை முதல் ரோலில் இருந்தது.

"அது விழல பாட்டி" என்றேன்.

"போவட்டும்" என்றார் பாட்டி. படத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். ஃபிரேம் போட்டுத் தருகிறேன் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டேன். இன்னும் கொடுக்கவில்லை.